பிளஸ் ஒன் பரீட்சை போச்சு, பாடமும் போகணுமா? ஸ்கூல் நீட்டுற புது பிளானை எப்படிப் பாக்கறது

பெருந்துறை பக்கத்துல இருந்து ஒரு அம்மா எழுதிருக்காங்க. பொண்ணு பத்தாவது, மெட்ரிக் ஸ்கூல். பிளஸ் ஒன் பப்ளிக் எக்ஸாம் எடுத்துட்டாங்கல்ல, அதனால வர்ற ஜூன்ல இருந்து ஒம்பதாவது முதல் பிளஸ் டூ வரைக்கும் புதுப் பாடத்திட்டம்னு ஸ்கூல்ல சர்க்குலர் குடுத்திருக்காங்களாம். அதுல மூணு விசயம். பிளஸ் ஒன் போர்சனை காலாண்டுக்குள்ள முடிச்சுட்டு உடனே பிளஸ் டூ பாடம் ஆரம்பிச்சிருவாங்க, ஒம்பதாவதுல இருந்தே நீட், ஜேஇஇ பவுண்டேசன் கிளாஸ் ஸ்கூல் நேரத்துலயே நடக்கும், காமர்ஸ் குரூப்பை எடுத்துட்டு பயோ மேத்ஸ், கம்ப்யூட்டர் மேத்ஸ் ரெண்டு மட்டும் வெப்பாங்க. பெற்றோர் கூட்டத்துல கருத்து கேக்கறாங்க, நாங்க தறி ஓட்டறவங்க, எங்களுக்கு இதுல என்ன கேக்கறதுன்னே தெரியலீங்க, நல்லதா கெட்டதான்னு எப்படிப் பாக்கறது, பேசாம ஸ்கூல் மாத்திரலாமான்னு கேட்டிருக்காங்க.

கேக்கற உரிமையும் இருக்கு, கேக்க வேண்டிய விசயமும் உங்களுக்கு புரியற விசயம்தானுங்க, அதனால பயப்படாதீங்க. நான் ரொம்ப வருசம் பிளஸ் ஒன், பிளஸ் டூக்கு பிசிக்ஸ் நடத்துனவன், இந்த சர்க்குலர் எழுதற பாசையெல்லாம் பழக்கம்.

முதல்ல ஒண்ணு தெளிவா வெச்சுக்குங்க, ஸ்டேட் போர்டுல பாடத்திட்டம் போடறது மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம், சென்னைல இருக்கு. உங்க ஸ்கூலோ, மாவட்டத்துல இருக்கற முதன்மைக் கல்வி அலுவலரோ ஒரு பாடத்தை சேக்கவும் முடியாது எடுக்கவும் முடியாது. ஸ்கூல் கையில இருக்கறது டைம்டேபிள், எந்தப் பாடத்தை எப்ப நடத்தறது, எத்தனை டெஸ்ட் வெக்கறது, எந்த குரூப் நடத்தறது, அவ்வளவுதான். அதனால சர்க்குலர்ல எத்தனை பெரிய வார்த்தை போட்டிருந்தாலும் அதை ஓரமா வெச்சுட்டு டைம்டேபிளைக் குடுங்கன்னு கேளுங்க. வாரத்துக்கு எந்தப் பாடத்துக்கு எத்தனை பீரியட், யாரு நடத்தறாங்க, லேப் எத்தனை பீரியட்னு ஒரு காயிதத்துல வாங்கிட்டீங்கன்னா பாதி விசயம் வெளிய வந்துரும்.

இப்ப அந்த முதல் விசயத்துக்கு வர்றேன், ஏன்னா எனக்கு மனசுக்கு ஒப்பாதது அதுதான். பிளஸ் ஒன்னுக்கு பப்ளிக் எக்ஸாம் ஏன் வந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா? நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு, ஈரோடு இந்தப் பக்கம் ஹாஸ்டல் ஸ்கூல் நெறைய வந்த காலத்துல பிளஸ் ஒன் புக்கைத் தொடாமயே ரெண்டு வருசமும் பிளஸ் டூ பாடத்தையே திருப்பித் திருப்பி படிக்க வெச்சு மார்க் எடுக்க வெச்சாங்க, ஊர் ஊரா இருந்து புள்ளைங்களைக் கொண்டாந்து சேத்தாங்க, அது தமிழ்நாடு பூரா தெரிஞ்ச கதை. அதைத் தடுக்கத்தான் 2017-18ல இருந்து பிளஸ் ஒன்னுக்கும் பப்ளிக்னு கொண்டாந்தாங்க, 1200 மார்க்கை 600ஆ மாத்துனாங்க, அண்ணா பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் ஆனந்தகிருஷ்ணன் தலைமையில குழு போட்டு புதுப் பாடத்திட்டம் எழுதி 2018ல பிளஸ் ஒன்னுக்கும் 2019ல பிளஸ் டூக்கும் புது புக் வந்துச்சு. அப்புறம் 2025 ஆகஸ்ட் 8ல மாநிலக் கல்விக் கொள்கை வெளியிட்டப்போ பிளஸ் ஒன் பப்ளிக்கை எடுத்துட்டாங்க, 2025-26ல இருந்தே இல்ல. மூணு வருசம் தொடர்ந்து பப்ளிக்னு புள்ளைங்க மேல இருந்த பாரத்தைக் குறைக்கறதுக்கு எடுத்தது அது, அந்த நோக்கத்தை நான் மதிக்கறேன், ஆனா எடுத்தது பரீட்சையைத்தான், பாடத்தை எடுக்கல. உங்க ஸ்கூல் அந்த சந்துல பழைய வழிக்கே போகப் பாக்குதுங்க.

இதுல என்ன கெடுதல்னா, அந்தப் புது புக்கு ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு நிக்கற மாதிரி எழுதுனது. மேத்ஸ் புக்கை எடுத்துப் பாருங்க. வகை நுண்கணிதமும் தொகை நுண்கணிதமும் ஆரம்பத்துல இருந்து சொல்லித் தர்றது பிளஸ் ஒன்ல. பிளஸ் டூ புக்குல வர்றது அதோட பயன்பாடுகள், அதாவது புள்ளைக்கு வகையிடத் தெரியும்னு எடுத்துக்கிட்டுத்தான் அந்தப் பாடமே ஆரம்பிக்குது. தலைகீழ் முக்கோணவியல் பிளஸ் டூல இருக்கு, முக்கோணவியல் பிளஸ் ஒன்ல இருக்கு. கெமிஸ்ட்ரில பிளஸ் டூ கரிம வேதியியல் பூராவும், ஆல்கஹால், ஆல்டிஹைடு, அமீன் எல்லாம், பிளஸ் ஒன்ல எலக்ட்ரான் எப்படி நகருதுன்னு படிச்சவங்களுக்குத்தான் புரியும், மத்தவங்க சமன்பாட்டை உருப்போடத்தான் வேணும். அயனிச் சமநிலைக்கு முன்னாடி வேதிச் சமநிலை வேணும். நீங்க தறி ஓட்டறவங்க, பாவு சரியா இழுக்காம தறியில ஏத்துனா என்ன ஆகும்னு நான் உங்களுக்கு சொல்ல வேண்டியதில்லீங்க.

சரி அவங்க எடுத்துடல, வேகமா முடிக்கறோம்னுதானே சொல்றாங்கன்னு கேப்பீங்க. கணக்கு போட்டுப் பாக்கலாம். பத்தாவது ரிசல்ட் வந்து அட்மிசன் முடிஞ்சு பிளஸ் ஒன் கிளாஸ் ஜூன் பாதில ஆரம்பிக்குதுன்னு வெச்சுக்குங்க, செப்டம்பர் கடைசில காலாண்டு பரீட்சை, நடுவுல 14 வாரம். வாரத்துக்கு 7 பீரியட் பிசிக்ஸ்னா 98. ஆகஸ்ட் 15, மத்த லீவு, டெஸ்ட், விளையாட்டு விழா எல்லாம் கழிச்சா 80 மிஞ்சுனாலே பெருசு. பிளஸ் ஒன் பிசிக்ஸ்ல 11 யூனிட், கெமிஸ்ட்ரில 15. யூனிட்டுக்கு பிசிக்ஸ்ல ஏழு பீரியட், கெமிஸ்ட்ரில அஞ்சு. சுழற்சி இயக்கம், திருப்பு விசை, நிலைமத் திருப்புத்திறன்னு ஒரு யூனிட் இருக்கு, அதை ஏழு பீரியட்ல, அதுவும் கணக்கு போட்டுப் பாக்கறதையும் சேத்து, நல்ல வாத்தியாராலயும் நடத்த முடியாது. நடத்துனேன்னு ரெக்கார்ட் எழுதலாம். பத்தாவது வரைக்கும் மொத்த சயின்சையும் ஒரே புக்குல படிச்சுட்டு வர்ற புள்ளைக்கு பாடத்துக்கு ரெண்டு வால்யூம்னு கையில குடுத்ததும் முதல் ரெண்டு மாசம் மூச்சு முட்டும், அந்த ரெண்டு மாசம்தான் நிதானமா போகணும், இவங்க அங்கதான் ஓடறோம்ங்கறாங்க.

கூட்டத்துல கரஸ்பாண்டன்ட் ஒண்ணு சொல்வாரு, பிளஸ் டூ பப்ளிக் கேள்வி பூரா பிளஸ் டூ புக்குல இருந்துதான் வருது, ஒன்றரை வருசம் அதையே படிச்சா மார்க் வருமேன்னு. மார்க் வரும், அதை நான் மறுக்கல. இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கும் பிளஸ் டூ மேத்ஸ் 100க்கும், பிசிக்ஸ் 50க்கும், கெமிஸ்ட்ரி 50க்கும் மாத்தி 200க்குத்தான் கட்ஆப் போடறாங்க, பிளஸ் ஒன் மார்க்கை யாரும் கேக்கறதில்ல. ஆனா அதே சர்க்குலர்லதான் நீட், ஜேஇஇன்னும் போட்டிருக்காங்க பாருங்க. நீட்ல 180 கேள்வி, 720 மார்க், அதுக்கு சிலபஸ் ரெண்டு வருசமும் சேத்துதான், இயக்க விதிகள், ஈர்ப்பியல், வெப்ப இயக்கவியல், அலைகள் எல்லாம் பதினொண்ணாவது பாடம். ஜேஇஇயும் அப்படித்தான். மூணரை மாசத்துல பிளஸ் ஒன்னை மூட்டை கட்டிட்டு நீட்டுக்கு தயார் பண்றோம்னா ஒண்ணுக்கொண்ணு ஒட்டலீங்களே, இதை அப்படியே கேளுங்க, அவங்க என்ன பதில் சொல்றாங்கன்னு கவனிங்க. மார்க் எடுத்துட்டு காலேஜ் போன புள்ளைங்க முதல் செமஸ்டர் மேத்ஸ்ல அரியர் வெச்சுட்டு நிக்கறதுக்கும் இதுதான் பெரிய காரணம்னு நான் நெனைக்கறேன். வகையிடறது எதுக்குன்னே தெரியாம பார்முலா மட்டும் தெரிஞ்சா அங்க போய் எப்படி ஓடும்.

லேப் பத்தியும் கேளுங்க. இந்த ரெண்டு வருசத்துல பப்ளிக் பிராக்டிகல் பிளஸ் டூல மட்டும்தான் இப்ப, தியரி 70, பிராக்டிகல் 20, அகமதிப்பீடு 10. பிளஸ் ஒன்ல வெளிய இருந்து யாரும் வந்து பாக்கப் போறதில்லங்கறதால முதல்ல மூடறது லேபைத்தான். பொண்ணு பிளஸ் டூ போய்த்தான் முதல் தடவையா பியூரெட்டைக் கையில புடிக்கும்னா அது சயின்ஸ் படிக்கறதே இல்ல.

ஒம்பதாவதுல பவுண்டேசன் விசயத்துல நான் அந்தளவு கடுமையா இருக்க மாட்டேன். ஒம்பதாவது, பத்தாவது மேத்சை ஆழமா நடத்தறதுக்கு அந்த நேரத்தை வெச்சா நல்லதுதான். ஆனா அந்த பீரியட் எங்க இருந்து வருதுன்னு பாருங்க, பிடி, லைப்ரரி, கம்ப்யூட்டர், ஓவியம் இதையெல்லாம் தின்னுட்டு வருதுன்னா வேண்டாம்னு சொல்லுங்க. யாரு நடத்தறாங்கன்னும் கேளுங்க, ஸ்கூல் வாத்தியாரா இல்ல வெளிய இருந்து வர்ற கோச்சிங் சென்டரா. 2024 ஜனவரில மத்திய கல்வி அமைச்சகம் விட்ட வழிகாட்டுதல்லயே 16 வயசுக்கு கீழ இருக்கற புள்ளைங்களை கோச்சிங் சென்டர் சேத்துக்கக் கூடாதுன்னு இருக்கு. தனியா பணம் கேக்கறாங்களா, அதுவும் முக்கியம். தனியார் ஸ்கூலுக்கு 2009 சட்டப்படி கட்டண நிர்ணயக் குழு பீஸ் போட்டுக் குடுத்திருக்கும், பவுண்டேசன் பீஸ் அதுக்குள்ள வருதா வெளிய வருதான்னு கேட்டு பதிலை எழுத்துல வாங்குங்க.

காமர்ஸை எடுக்கறது எனக்கு மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருக்குங்க. நம்ம ஊர்ல என்ன தொழில் நடக்குது? திருப்பூர்ல பனியன் கம்பெனி, கரூர்ல எக்ஸ்போர்ட், ஈரோட்டுல ஜவுளியும் மஞ்சளும், எல்லா ஆபீஸ்லயும் கணக்கு தெரிஞ்ச ஆள் வேணும், சிஏ, சிஎம்ஏ படிக்கற புள்ளைங்களுக்கு வேலைக்குப் பஞ்சமில்ல. பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல்ல குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வுன்னு அடியில இருந்து சொல்லித் தர்றாங்க, பிளஸ் டூல கூட்டாண்மை, நிறுமக் கணக்கு, டேலி வரைக்கும் போகுது. கணக்கு படிக்கணும்னு ஆசைப்படற புள்ளையை ரெண்டு குரூப்தான் இருக்குன்னு கம்ப்யூட்டர் மேத்ஸ்ல தள்ளுனா அது ரெண்டு வருசம் மேத்சோட மல்லுக்கட்டிட்டு கடைசில பிகாம்தான் சேரும். சென்டம் லிஸ்ட்டுக்கு காமர்ஸ் இடைஞ்சல்னு சில மேனேஜ்மென்ட் நெனைக்குது, அது புள்ளைங்களுக்காக பண்ற மாத்தம் இல்ல.

ஸ்கூல்ல பதிலுக்கு நல்ல பிளான் எதுவும் இருக்கக் கூடாதான்னா, இருக்கலாம். பரீட்சை போனதால வருசக் கடைசில ரிவிஷன், திருப்புதல் தேர்வுன்னு போற ஆறேழு வாரம் இப்ப மிச்சம். அந்த வாரத்தை லேபுக்கும், கணக்கு போட்டுப் பழகறதுக்கும், பிளஸ் ஒன் பாடத்தை முழுசா முடிச்ச பின்னாடி ஏப்ரல்ல பிளஸ் டூ முதல் பாடத்தை மெதுவா தொடறதுக்கும் வெச்சா நான் கைதட்டி வரவேற்பேன். பிளஸ் ஒன் முழு ஆண்டுத் தேர்வை முழு போர்சனுக்கும் வெப்பீங்களா, அந்தக் கேள்வித்தாளை பெத்தவங்களுக்குக் காட்டுவீங்களான்னு கேளுங்க, வெச்சாங்கன்னா நடத்தித்தான் ஆகணும்.

ஸ்கூல் மாத்திரலாமான்னும் கேட்டிருக்கீங்க. பிளஸ் ஒன்ல மாத்தறதுக்கு தோதான நேரம்தான், பக்கத்துல அரசு மேல்நிலைப் பள்ளில நல்ல வாத்தியாருங்க இருக்கற ஊர் நெறைய, போய் என்ன குரூப் இருக்கு, சயின்ஸ் வாத்தியார் போஸ்ட் காலியா இல்லையான்னு மட்டும் விசாரிங்க. ஆனா ஒரு விசயம், அங்க சேத்தா மெடிக்கல்ல 7.5 சதவீத ஒதுக்கீடு கெடைக்கும்னு யாராச்சும் ஒரம்பரைக சொன்னா நம்பிராதீங்க, அதுக்கு ஆறாவதுல இருந்து பிளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளில படிச்சிருக்கணும். கல்வி உரிமைச் சட்டத்துல (ஆர்டிஇ) தனியார் ஸ்கூல்ல சேந்த புள்ளைங்களுக்கு மட்டும் விதி கொஞ்சம் வேற.

கூட்டத்துல எந்திரிச்சுப் பேச கூச்சமா இருந்தா பேச வேண்டாங்க. நாலஞ்சு பேர் சேந்து ஒரே காயிதத்துல, பீரியட் கணக்கு, லேப், பிளஸ் ஒன் முழுப் போர்சனுக்கு முழு ஆண்டுத் தேர்வு, பவுண்டேசன் நடத்தறது யாரு, பீஸ் எவ்வளவு, காமர்ஸ் ஏன் எடுக்கறீங்கன்னு எழுதி கையெழுத்து போட்டு ஆபீஸ்ல குடுத்து நகல்ல சீல் வாங்கிக்குங்க. பதில் வரலீன்னா அந்த நகலோட தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலர் ஆபீசுக்குப் போங்க, பிளஸ் ஒன் பாடத்தை ஸ்கூல் முழுசா நடத்துதான்னு பாக்கற பொறுப்பு அங்கதான் இருக்கு, ஜூன் வரைக்கும் காத்திருக்காம பத்தாவது பப்ளிக்குக்கு முன்னாடியே போயிருங்க.