ஒரு சொட்டுத் தண்ணீர் போதும்: ஸ்கெட்ச் புக் செய்பவர்களுக்கான கேள்வி-பதில்

கேள்வி: புதுச்சேரியில் கைக்காகிதம் வாங்கினேன். பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் பேனாவால் கோடு போட்டால் மை ஓரமெல்லாம் படர்ந்து முடி முளைத்தது போல் ஆகிறது. போலிக் காகிதமா?
(வாசகி, திருப்பாதிரிப்புலியூர்)

போலியாக இருக்க வேண்டியதில்லை. நீங்கள் வாங்கியது வரைவதற்கான காகிதம் இல்லை, அவ்வளவுதான். காகிதம் மையைக் குடித்துவிடாமல் இருக்க, கூழிலோ மேற்பரப்பிலோ பசைப்பொருள் சேர்ப்பார்கள். தொழிலில் இதை 'சைஸிங்' என்பார்கள். பரிசு சுற்றவும் விளக்குக்கூடு செய்யவும் விற்கும் காகிதத்தில் இது மிகக் குறைவாக இருக்கும், சிலவற்றில் இருக்கவே இருக்காது. பூவிதழ், வைக்கோல், நார் பதித்த தாள்களில் பேனா முனை தட்டித் தட்டி நிற்கும். அவற்றை அட்டைக்கு வைத்துக்கொள்ளுங்கள், உள்பக்கத்துக்கு வேண்டாம்.

புதுச்சேரியில் நல்ல கைக்காகிதத்துக்குப் பஞ்சமில்லை. அரவிந்தர் ஆசிரமத்தின் கைவினைக் காகிதப் பட்டறை 1959-இலிருந்து பருத்தித் துணிக் கழிவைக் கூழாக்கித் தாள் செய்துவருகிறது. எங்கே வாங்கினாலும் 'வரைய' என்று வாய்விட்டுச் சொல்லி, ஒரு ஓரத்துண்டு கேளுங்கள். விரல்நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் எடுத்து அதன்மேல் வையுங்கள். ஒரு நிமிடம் குண்டுமணி போல் நின்றால் வரையலாம். சில விநாடியில் உள்ளே இறங்கிப் பின்பக்கம் ஈரம் தெரிந்தால் அதில் பேனா வேலை நடக்காது.

வாங்கிவிட்ட தாளை வீணாக்க வேண்டாம். 100 மில்லி தண்ணீரில் 2 கிராம் நிறமில்லாத, சுவையில்லாத ஜெலட்டினைப் பத்து நிமிடம் ஊறவைத்து, கரையும் அளவுக்கு மட்டும் சூடாக்குங்கள். கொதித்தால் அதன் பிடிப்பு போய்விடும். அகலத் தூரிகையால் ஒரு பக்கம் பூசிக் கொடியில் காயவைத்து, பிறகு மறுபக்கம் பூசுங்கள். பங்குனி, சித்திரையில் செய்தால் நன்றாகக் காயும். ஐப்பசி, கார்த்திகையில் செய்தால் காய்வதற்குள் பூஞ்சை பிடிக்கும். ஜெலட்டின் விலங்கிலிருந்து எடுப்பது. வேண்டாம் என்பவர்கள் ஜவ்வரிசிக் கஞ்சியை நீர்க்கக் காய்ச்சி வடிகட்டிப் பூசலாம். காய்ந்தபின் வழவழப்பான கூழாங்கல்லாலோ கரண்டியின் முதுகாலோ அழுத்தித் தேயுங்கள். நம் நாட்டுக் கைக்காகிதங்களுக்குப் பழங்காலத்தில் மாவுக்கஞ்சி பூசிக் கல்லால் மெருகேற்றித்தான் எழுதினார்கள். கஞ்சி ஜெலட்டின் அளவுக்குத் தடுக்காது என்றாலும் படர்வது நன்றாகக் குறையும்.

கேள்வி: ஆன்லைனில் '150 ஜிஎஸ்எம்' என்று போட்ட ஏ4 தாள் கட்டு வாங்கினேன். கைக்கு மெல்லியதாகத் தெரிகிறது. நானே சரிபார்க்க முடியுமா?
(வாசகர், லாஸ்பேட்டை)

முடியும், தராசு இருந்தால் போதும். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் காகிதத்தின் எடை, கிராமில். ஏ4 தாள் 16 சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர். ஆகவே 16 தாளை நிறுத்தால் வரும் கிராம்தான் அதன் ஜிஎஸ்எம். சமையலறை மின்தராசே சரியாகக் காட்டும். 22×30 அங்குல முழுத்தாள் என்றால் 150 ஜிஎஸ்எம்முக்கு ஒரு தாள் சுமார் 64 கிராம் இருக்க வேண்டும்.

கைக்காகிதத்தில் தாளுக்குத் தாள் கொஞ்சம் ஏறி இறங்குவது இயல்பு. அச்சுச்சட்டத்தில் கூழை அள்ளும் கை ஒரே அளவாக அள்ளாது. அதனால் ஒரு தாளை மட்டும் நிறுத்துச் சண்டைக்குப் போக வேண்டாம், பத்துப் பதினாறாக நிறுங்கள். மழைக்காலத்தில் காகிதம் ஈரத்தை இழுத்துச் சற்றுக் கனக்கும், அதையும் நினைவில் வையுங்கள். ஆனால் 150 என்று விற்ற கட்டு 110 காட்டினால் அது இயல்பான வேறுபாடு இல்லை.

அப்போது தராசின் மேல் தாளும், எண்ணும், உறையின் மேல் அச்சிட்டதும் தெரியப் படம் எடுங்கள். விற்பனைப் பக்கத்தின் வாசகத்தையும் அன்றே படமெடுத்து வையுங்கள், பிறகு மாறிவிடலாம். 2020-இன் மின்வணிக விதிகளின்படி, விவரித்தபடி இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது. தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்யலாம். விற்பவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் டெல்லிக்குப் போக வேண்டாம்.

நேரில் கடையில் வாங்கினாலும் பில் கேட்டு வாங்குங்கள். பில் தர மறுப்பதே அந்தச் சட்டத்தில் முறையற்ற வணிகம். திரும்ப எடுக்கும் கெடு பில்லில் இல்லை என்றால், குறையுள்ள பொருளுக்கு 30 நாள் கணக்கு.

கேள்வி: 'வுட்ஃப்ரீ' என்று போட்ட ஸ்கெட்ச் புக் மரத்திலிருந்து செய்யாததுதானே?
(வாசகர், நெல்லிக்குப்பம்)

இல்லை. மரக்கூழிலிருந்து லிக்னின் என்ற பொருளை ரசாயன முறையில் நீக்கியது என்றே அதற்குப் பொருள். லிக்னின் போனால் செய்தித்தாள் போல் சீக்கிரம் மஞ்சளாகாது, அது நல்லதுதான். மரமே சேராதது வேண்டுமானால் 'காட்டன்' அல்லது 'ராக்' (rag, துணிக்கழிவு) என்று தெளிவாக எழுதியிருக்கிறதா பாருங்கள். எரித்துப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்பதை நம்பாதீர்கள். பஞ்சும் மரக்கூழும் இரண்டும் செல்லுலோஸ், ஒரே மாதிரிதான் எரியும்.

கேள்வி: கோல வடிவங்கள் வரைய, நானே தைத்து ஒரு புத்தகம் செய்ய ஆசை. என்னென்ன, எவ்வளவு வாங்க வேண்டும்? தட்டையாக விரிய வேண்டும்.
(வாசகி, முத்தியால்பேட்டை)

22×30 அங்குல (56×76 செ.மீ) முழுத்தாள் மூன்று வாங்குங்கள், 130 முதல் 150 ஜிஎஸ்எம். ஒவ்வொன்றையும் நீளத்தில் நான்காக, அகலத்தில் இரண்டாகப் பிரித்தால் 28×19 செ.மீ துண்டு எட்டு வரும், கழிவே இல்லை. ஏ4 அளவுக்கு ஒரே திசையில் வெட்டினால் தாளுக்கு நான்குதான் கிடைக்கும், மீதி ஓரமாகப் போகும். கத்திக்குப் பதில், மடித்து நகத்தால் அழுத்தி, இரும்பு அளவுகோலை வைத்துக் கிழித்தால் கைக்காகிதத்தின் இழை விளிம்பு அப்படியே நிற்கும்.

24 துண்டையும் நடுவில் மடித்து மூன்று மூன்றாக ஒன்றுக்குள் ஒன்று செருகுங்கள். இப்படிச் செருகிய ஒவ்வொரு கட்டும் ஒரு ஃபாரம். எட்டு ஃபாரம், 48 இலை, 96 பக்கம். நோட்டுப் புத்தகம் போல் ஆறேழு தாளை ஒரே ஃபாரமாக மடித்தால், தடித்த காகிதத்தில் உள்தாள் வெளியே பிதுங்கும், மடிப்பும் வெடிக்கும்.

ஒரு அட்டைத்துண்டில் 1.5, 5.5, 9.5, 13.5, 17.5 செ.மீ இடங்களில் குறி போட்டு, எல்லா ஃபாரத்திலும் அதையே வைத்து, மடிப்பின் உள்ளிருந்து வெளியே குத்தூசியால் துளையுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அளந்தால் அரை மில்லிமீட்டர் பிசகு சேர்ந்து சேர்ந்து முதுகு கோணிவிடும்.

நூல், தோல் தைக்கும் மெழுகு நூல், 0.5 மி.மீ. ஒரு மில்லிமீட்டர் நூல் வாங்காதீர்கள்: எட்டு ஃபாரத்துக்குள் எட்டு நூல், முதுகு மட்டும் கிட்டத்தட்ட 8 மி.மீ வீங்கிப் புத்தகம் ஆப்பு போல் நிற்கும். இரண்டரை மீட்டர் வெட்டிக்கொள்ளுங்கள். தட்டையாக விரிய, சங்கிலித் தையல்: துளையில் வெளியே வந்த ஊசி, கீழே உள்ள ஃபாரத்தின் தையலைச் சுற்றிக் கோத்துவிட்டு அதே துளையில் உள்ளே போகும். நூலை இறுக்கும்போது முதுகின் நீளவாக்கில் இழுங்கள். மேல்நோக்கி இழுத்தால் துளை கிழியும். புதிதாகச் செய்பவர்களில் பலருக்கு இங்கேதான் கெடுகிறது.

அட்டைக்கு 2 மி.மீ கிரே போர்டு, 14.3×19.6 செ.மீ, இரண்டு. மூன்று பக்கமும் 3 மி.மீ வெளியே நிற்கும் கணக்கு இது. மேலே ஒட்டக் காலிகோ துணி அல்லது பழைய பருத்திச் சேலை, 17.3×22.6 செ.மீ. சேலைத் துணியில் பசை ஊறி வெளியே கறையாகத் தெரியும், பின்னால் மெல்லிய தாள் ஒட்டிக் காயவைத்துப் பிறகு அட்டையில் ஒட்டுங்கள்.

கேள்வி: அட்டை காய்ந்தபின் பூரி போல் வளைந்துவிடுகிறது. மழைக்காலத்தில் பூஞ்சையும் வருகிறது. பசைதான் காரணமா?
(வாசகர், கடலூர் முதுநகர்)

வளைவதற்குக் காரணம், ஒரு பக்கம் மட்டும் ஒட்டுவது. ஈரத்தில் நீண்ட துணி காயும்போது சுருங்கி அட்டையைத் தன் பக்கம் இழுக்கிறது. உள்பக்கமும் ஒரு தாள் ஒட்டினால் அது எதிர்ப்பக்கம் இழுத்துச் சமன் செய்யும். அட்டையின் இழை முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். கடையிலேயே இரு திசையிலும் லேசாக வளைத்துப் பாருங்கள், எளிதாக வளையும் மடிப்பு இழையோடு போகிறது. ஒட்டியதும் வெள்ளைத் தாள்களுக்கு இடையே வைத்து மேலே அம்மிக்குழவி கனத்துக்கு ஏதாவது ஏற்றி 24 மணி நேரம் விடுங்கள். இடையில் இரண்டு முறை தாள் மாற்றுங்கள்.

பசைக்கு ஃபெவிகால் எம்ஆர் போதும், எஸ்ஹெச் மரவேலைக்கானது. மைதாப் பசை, ஒரு பங்கு மாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர் விட்டுக் காய்ச்சியது, துணியை நகர்த்திச் சரிசெய்ய நேரம் தரும். ஆனால் கடலோர ஈரத்தில் பூஞ்சைக்கும் இராமபாணப் பூச்சிக்கும் அதுவே சோறு. பாதிக்குப் பாதி எம்ஆர் கலந்தால் இரண்டுக்கும் நடுவே நிற்கும். பழைய பைண்டிங் கடைகளில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம். பிள்ளைகள் தொடும் புத்தகத்தில் சேர்க்கவே கூடாது.

கேள்வி: பக்கத்தில் 15-8 ஊடுபுள்ளிக் கோலம் போட எந்தப் பேனா, எவ்வளவு இடைவெளி?
(வாசகி, மஞ்சக்குப்பம்)

நிறமி மைப் பேனா வாங்குங்கள், காய்ந்தபின் தண்ணீர் பட்டாலும் ஓடாது. 'மைக்ரான்' என்ற பெயரில் விற்கும் பேனாவில் எண்ணை மில்லிமீட்டர் என்று நினைத்துவிடக் கூடாது: 005 என்பது 0.20 மி.மீ, 03 என்பது 0.35, 05 என்பது 0.45. கைக்காகிதத்தின் சொரசொரப்பில் 005 முனை சீக்கிரம் தேய்ந்துவிடும், காசுக்குக் கேடு. 03-உம் 05-உம் போதும். முழு செட் வேண்டாம்.

புள்ளிக்குப் புள்ளி 8 மி.மீ, வரிசைக்கு வரிசை 7 மி.மீ. இரண்டையும் 8 ஆக வைத்தால் அறுகோணம் மேலும் கீழும் நீண்டு போகும். இப்படி வைத்தால் 169 புள்ளியும் 112 மி.மீ அகலம், 98 மி.மீ உயரத்தில் அடங்கும். மேலே சொன்ன 14 செ.மீ பக்கத்தில் இருபுறமும் 14 மி.மீ மிஞ்சும். ஒருமுறை வரைபடத்தாளில் புள்ளி வைத்து ஊசியால் துளைத்துக்கொண்டால் ஒவ்வொரு பக்கத்துக்கும் அதன்மேல் பென்சில் முனையால் தொட்டால் போதும். எச்பி பென்சிலால் லேசாக. பேனாவால் கோடு போட்டு மை காய்ந்தபின், மழைநாளில் ஓரிரவு கழித்து, பென்சில் புள்ளிகளை அழியுங்கள். ஈரம் இருக்கும்போது ரப்பர் பட்டால் மை சாம்பலாகிவிடும்.