சூரியன் சீறினால் செயற்கைக்கோள் ஏன் இறங்குகிறது?

கேள்வி: சூரியன்ல புயலடிச்சா செயற்கைக்கோள் கீழே இறங்குதுங்கிறாங்க. 400 கி.மீ. மேலே காத்தே இல்லீங்களே? அதை நாமளே பார்க்க முடியுங்களா?
- வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: காத்து இருக்குதுங்க, ரொம்ப மெல்லிசா. சூரியனின் புறஊதாக் கதிர்கள் சூடேற்றினால் மேல் வளிமண்டலம் அடுப்புப் பால்போலப் பொங்கி மேலேறும். 400 கி.மீ. உயரத்தில் அடர்த்தி, சூரியன் அடங்கிய ஆண்டுகளைவிட உச்ச ஆண்டுகளில் சுமார் பத்து மடங்கு. செயற்கைக்கோளின் வேகமோ நொடிக்கு 7.7 கி.மீ.; இழுவை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். எடை குறைந்து, சோலார் பலகை அகன்ற கோளுக்குத்தான் அடி பலம். 2022 பிப்ரவரியில் 210 கி.மீ.யில் விடப்பட்ட 49 ஸ்டார்லிங்க் இணையச் சேவைக் கோள்களில் ஏறத்தாழ 40 விழுந்தன. இத்தனைக்கும் அது சின்னப் புயல்தான்!

தாராளமாகப் பார்க்கலாம். இணையத்தில் கிடைக்கும் டி.எல்.இ. (TLE, ஒரு கோளின் சுற்றுப்பாதையை இரண்டு வரி எண்களில் சொல்வது) தரவின் இரண்டாம் வரியில் 53 முதல் 63 வரையுள்ள இடங்கள் ஒரு நாளைய சுற்றுகளைக் காட்டும். அது தினமும் ஏறினால் கோள் இறங்குகிறது. (இழுக்க இழுக்க வேகம் கூடுவது விந்தைதான், உயரம் குறைவதே காரணம்.) பக்கத்திலேயே எஃப்10.7 (F10.7, சூரியனின் சுறுசுறுப்பைக் காட்டும் ரேடியோ அலை அளவு) எண்ணைக் குறியுங்கள்: 70 அமைதி, 200 உச்சம். அதை மட்டும் நம்பினால் காந்தப் புயல் (சூரியனிலிருந்து வரும் துகள்கள் பூமியின் காந்தப்புலத்தைக் கலக்குவது; அதுவும் மேல் வளிமண்டலத்தைச் சூடேற்றும்) தப்பிவிடும், அதை அளக்கும் ஏ.பி. (Ap) எண்ணும் வேண்டும். விண்வெளி நிலையத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள், எஞ்சினால் அவ்வப்போது உயர்த்திவிடுவார்கள்.