கேட் ரிஜிஸ்டரில் தொடங்கும் கணக்கு: கேள்வி பதில்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளின் கணக்குப் பிரிவில் 22 ஆண்டுகள் இருந்துவிட்டு, இப்போது சிறு யூனிட்டுகளுக்கு வேலை நடைமுறைகளை எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அது தொடர்பாக வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பாடத்தில் 'கணக்கியல் தகவல் அமைப்பு' என்று வருகிறது. அது டேலிதானே அக்கா? அதற்குத் தனியாக ஒரு பாடம் எதற்கு?

டேலி என்ற கணக்கு மென்பொருள் அதில் ஒரு பகுதிதான் தம்பி. கம்பெனிக்கு ஒரு லோடு நூல் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்டில் செக்யூரிட்டி வண்டி எண்ணையும் நேரத்தையும் எழுதுகிறார். ஸ்டோரில் எடை போட்டு இன்வேர்டு, அதாவது சரக்கு வரவுச் சீட்டு, போடுகிறார்கள். அப்புறம் பில் கணக்குப் பிரிவுக்கு வருகிறது. அங்கே ஒருவர் நாம் கொடுத்த ஆர்டர், ஸ்டோர் போட்ட இன்வேர்டு, அவர்கள் அனுப்பிய பில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளவும் விலையும் பொருந்துகிறதா என்று பார்க்கிறார். அதற்குப் பிறகுதான் டேலி. இத்தனை ஆட்களும், தாள்களும், 'யார் கையெழுத்து இல்லாமல் பணம் போகக் கூடாது' என்பது போன்ற விதிகளும், மென்பொருளும் சேர்ந்ததுதான் அமைப்பு. ஸ்டோரில் 480 கிலோவை 500 என்று எழுதிவிட்டால், டேலி அந்த 500-ஐப் பைசா சுத்தமாகக் கூட்டித் தரும்.

இது கம்ப்யூட்டரோடு வந்ததும் இல்லை. நம் ஊர் மண்டிகளில் சிட்டை (அன்றாடக் குறிப்பு), பேரேடு (கணக்குவாரியான புத்தகம்), ஐந்தொகை (முடிவு நிலைக் கணக்கு) என்று வரிசை உண்டு. 1494-ல் வெனிஸில் அச்சான நூலில் இரட்டைப் பதிவு முறையை, அதாவது ஒவ்வொரு நடவடிக்கையையும் பற்று, வரவு என்று இரண்டு இடத்தில் எழுதுவதை, விளக்கிய இத்தாலியத் துறவி லூக்கா பாச்சோலியும் முதலில் ஒரு கரட்டுப் புத்தகம், அதிலிருந்து குறிப்பேடு, அதிலிருந்து பேரேடு என்றுதான் சொல்கிறார். அந்தக் கரட்டுப் புத்தகத்தில் முதலாளி மட்டுமல்ல, வீட்டில் எழுதத் தெரிந்த மற்றவர்களும் எழுதலாம். நடந்ததை நடந்த இடத்தில், நடந்த உடனே பிடித்து வைக்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். நம் கேட் ரிஜிஸ்டர் செய்வதும் அதே வேலைதான்.

கொள்முதல் நடைமுறையை எழுத்தில் தரச் சொல்லி ஆடிட்டர் கேட்கிறார். எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை.

ஒரே ஒரு பில்லை எடுங்கள். போன மாதத்துப் பில், ஏற்கெனவே பணம் கொடுத்து முடிந்ததாக இருக்கட்டும். அது பிறந்த இடத்திலிருந்து பேங்க் ஸ்டேட்மென்டில் கழிந்த இடம் வரை நடந்தே போங்கள். போகும் இடமெல்லாம் நாலு கேள்வி கேளுங்கள்: இந்தத் தாள் யாரிடமிருந்து வந்தது, இதை வைத்து என்ன செய்தீர்கள், எத்தனை நகல், அடுத்து யாரிடம் போகிறது? பதிலை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

நான் முதன்முதலாக இதைச் செய்தபோது மேனேஜர் அறையில் ஏசியில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல இரண்டு மணி நேரத்தில் அருமையாக ஒரு படம் வரைந்துவிட்டேன். மறுநாள் கேட்டுக்குப் போனால், என் படத்தில் இல்லாத ஒரு ரோஸ் நிற நகல் அங்கே இருந்தது. வெளியே போகும் சரக்கோடு அனுப்பும் டெலிவரி சலான், சுருக்கமாக டி.சி., ஒவ்வொன்றுக்கும் நாலாவதாக ஒரு நகல். சட்டப்படி டெலிவரி சலான் மூன்று நகல்தான்: சரக்கு போய்ச் சேரும் இடத்துக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று, அனுப்புகிறவருக்கு ஒன்று. இந்த நாலாவதை செக்யூரிட்டி அண்ணன் ஒரு சாக்குப் பையில் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார். எதற்கு என்று கேட்டேன். "ஆபீஸ்ல வாங்கிக்குவாங்கம்மா, நான் சும்மா வெச்சிருக்கேன்" என்றார். ஆபீஸில் கேட்டால், "கேட்ல டேலி பண்ணிக்குவாங்க" என்கிறார்கள். ஐந்து வருடமாக இரண்டு பேரும் மற்றவர் சரிபார்க்கிறார் என்றே நம்பியிருக்கிறார்கள். மேனேஜர் பொய் சொல்லவில்லை. நடக்க வேண்டியதை அவர் சொன்னார், நடப்பதைச் சொல்லவில்லை.

அதனால் எழுதும்போது இரண்டையும் கலக்காதீர்கள். முதலில் இன்று நடப்பதை அப்படியே, ஓட்டை உடைசலோடு எழுதுங்கள். திருத்தம் வேறொரு தாளில். முதல் வரைவிலேயே எல்லாம் ஒழுங்காக இருந்தால், எழுதியவர் நாற்காலியை விட்டு எழவில்லை என்று எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

பாய்வுப் படம், தரவு ஓட்டப் படம் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? தேர்வுக்கு வேண்டும்.

ஆவணப் பாய்வுப் படத்தில் தாளைத் தாளாகவே காட்டுவோம். பிரிவுக்கு ஒரு பத்தி என்று செங்குத்தாகப் பிரித்துக்கொண்டு, அடிப்பக்கம் அலைபோல் நெளிந்த கட்டம் ஆவணத்துக்கு, செவ்வகம் கணினி செய்யும் வேலைக்கு, சாய்சதுரம் ஆமா இல்லையா என்று முடிவெடுக்கும் இடத்துக்கு. தலைகீழ் முக்கோணம் என்றால் கோப்பில் போட்டாயிற்று என்று அர்த்தம். எண் வரிசையா, தேதி வரிசையா, பெயர் வரிசையா என்பதை அதற்குள் ஓர் எழுத்தால் குறிப்பார்கள்.

தரவு ஓட்டப் படத்துக்குத் தாள் முக்கியமில்லை. தகவல் எங்கிருந்து கிளம்பி, எந்த வேலைக்குள் புகுந்து, எங்கே தங்குகிறது என்பது மட்டும். வட்டம் வேலை, சதுரம் வெளி ஆள், இரட்டைக் கோடு தகவல் தங்கும் இடம். யார் முதலில், யார் பிறகு என்ற நேர வரிசையும் முடிவெடுக்கும் இடமும் இதில் வராது. மார்க் போவது பெரும்பாலும் அங்கேதான், சாய்சதுரத்தைக் கொண்டுபோய் இதில் போட்டுவிடுவார்கள்.

கொசுறாக ஒன்று. வேலையைப் படமாக வரையும் பழக்கம் கணக்கர்களிடமிருந்து வந்ததல்ல. அமெரிக்காவில் ஃபிராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் தம்பதி 1921-ல் பொறியாளர்கள் சங்கத்தில் முன்வைத்தது. செங்கல் அடுக்கும் கொத்தனாரின் கை அசைவை எண்ணிப் பார்த்த மனிதர் ஃபிராங்க்.

சாயப்பட்டறைக்குத் துணி அனுப்பி வாங்குகிறோம். வருடக் கடைசியில் ஸ்டாக் பொருந்துவதே இல்லை. டேலியை மாற்றிவிட்டு வேறு சாஃப்ட்வேர் போடலாமா?

பொறுங்கள், செலவு செய்ய அவசரப்படாதீர்கள். உங்கள் டி.சி. ஒன்றை நடத்திப் பார்ப்போம். 418-ம் எண் டி.சி.யில் 500 கிலோ கிரே துணி, அதாவது சாயம் போடாத துணி, சாயத்துக்குப் போகிறது. திரும்பி வந்தது 461 கிலோ. பட்டறை பில் 500 கிலோவுக்கு வருகிறது, ஏனென்றால் கூலி போன எடைக்கு. கணக்குப் பிரிவு 500 பார்க்கிறது, டி.சி.யும் 500, பில்லும் 500, பொருந்திவிட்டது என்று பாஸ் செய்கிறது. அந்த 461 ஸ்டோர்காரர் பாக்கெட் நோட்டில் மட்டும் இருக்கிறது. ஸ்டாக் எப்படிப் பொருந்தும்?

சாயம் போட்டால் எடை குறையும், அது இயற்கை. நீங்கள் பேசிக்கொண்ட கழிவு 6 சதவீதம் என்றால் 30 கிலோ குறையலாம். இங்கே குறைந்தது 39. மீதி 9 கிலோவைக் கேட்க வேண்டியவர் யார்? கேட்க வேண்டும் என்று யாருக்கும் தெரியாது, காரணம் அந்த 6 சதவீதம் எங்கேயும் எழுதப்படவில்லை. நீங்களும் பட்டறை முதலாளியும் டீக்கடையில் பேசி முடித்தது.

செய்ய வேண்டியது இதுதான். பட்டறைவாரியாக, துணி ரகவாரியாக ஒப்புக்கொண்ட கழிவைப் பதிந்து வையுங்கள். திரும்பி வரும் துணிக்கு இன்வேர்டு போடும்போது பழைய டி.சி. எண் இல்லாமல் போட முடியாதபடி வையுங்கள். பில் பாஸ் செய்ய டி.சி.யும் பில்லும் போதாது, திரும்பி வந்த எடையும் சேர்ந்திருக்க வேண்டும். இதற்கு இப்போது இருக்கும் டேலியில் ஜாப் வொர்க் (வெளியே கொடுத்துக் கூலிக்குச் செய்து வாங்கும் வேலை) வசதியே போதும். எத்தனை நாளாகத் திரும்பவில்லை என்ற பட்டியலையும் மாதம் ஒருமுறை எடுங்கள். ஜி.எஸ்.டி.யில், ஜாப் வொர்க்குக்குப் போன சரக்கு ஓராண்டுக்குள் திரும்பாவிட்டால் அனுப்பிய அன்றே விற்றதாகக் கருதப்படும். ஜாப் வொர்க்குக்குப் போன, வந்த சரக்கைக் காட்டும் ஜி.எஸ்.டி. படிவமான ஐ.டி.சி.-04 தாக்கல் செய்யும் நேரத்தில் பழைய டி.சி.களைத் தேடி ஸ்டோரைப் புரட்டும் வேலையும் மிச்சம்.

ஈரோட்டில் சின்ன ஜவுளிக் கடை. நான், என் மனைவி, ஒரு பையன். வேலையைப் பிரிக்க வேண்டும் என்கிறீர்கள், மூன்று பேரில் எதைப் பிரிப்பது?

அனுமதி கொடுப்பவர், பணத்தையோ சரக்கையோ கையில் வைத்திருப்பவர், கணக்கு எழுதுபவர் மூவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்பது விதி. உங்கள் கடையில் அது முழுதாக நடக்காது, அதை ஒப்புக்கொள்வோம். ஆனால் பையன் கல்லாவில் இருந்தால் கணக்கை உங்கள் மனைவி எழுதட்டும். பேங்க் ஸ்டேட்மென்டைக் கணக்கு எழுதுகிறவர் அச்செடுத்துத் தரக் கூடாது, நீங்களே உங்கள் போனில் திறந்து பாருங்கள். பில் புத்தகத்தில் எண் அச்சடித்திருக்கட்டும், இரவில் எண் விட்டுப்போயிருக்கிறதா என்று மட்டும் புரட்டினால் போதும், இரண்டு நிமிடம். எப்போதாவது மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கல்லாவை எண்ணுங்கள். பையனைச் சந்தேகப்படுவதாகத் தோன்றினால், முதல் தடவை உங்கள் மனைவி கல்லாவில் இருக்கும்போது எண்ணுங்கள். ஆனால் முன்கூட்டியே மனைவியிடம் சொல்லிவிடுங்கள், வீட்டுச் சண்டைக்கு நான் பொறுப்பில்லை.

டேலியில் எடிட் லாக் வேண்டாம் என்கிறார் எங்கள் பார்ட்னர். நாங்கள் பார்ட்னர்ஷிப் ஃபர்ம். அது கட்டாயமா?

கட்டாயம் கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவான கம்பெனிகளுக்குத்தான். 2023 ஏப்ரல் 1 முதல் அவர்கள் வைத்திருக்கும் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு பதிய வேண்டும், அந்த வசதியை அணைக்க முடியாததாகவும் இருக்க வேண்டும். பார்ட்னர்ஷிப்புக்கு அந்த விதி இல்லை.

இருந்தாலும் போட்டு வையுங்கள். பழைய கணக்குப்பிள்ளைகள் தப்பாக எழுதியதைச் சுரண்டி அழிக்க மாட்டார்கள். ஒரு கோடு போட்டு அடித்து, மேலே சரியான தொகை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைப்பார்கள். அடித்த தொகையும் படிக்கும்படி இருக்க வேண்டும், அதுதான் மரியாதை. எடிட் லாக் அதையே செய்கிறது. பார்ட்னர் ஏன் வேண்டாம் என்கிறார் என்று மட்டும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். சிஸ்டம் மெதுவாகிறது என்பது ஒரு பதில். வேறு பதில் வந்தால் ஆடிட்டரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

சப்ளையர்களின் விவரத்தைப் பதிந்து வைக்கும் சப்ளையர் மாஸ்டரில் பெயர், ஜி.எஸ்.டி. எண் தவிர வேறென்ன வேண்டும்?

உத்யம் (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) எண், அவர் குறு நிறுவனமா, சிறு நிறுவனமா என்ற விவரம், பணம் கொடுக்கப் பேசிய கெடு நாள். 2023-24 நிதியாண்டிலிருந்து வருமான வரியில் இது காசு. குறு, சிறு உற்பத்தியாளருக்கோ சேவை தருபவருக்கோ பணம் கொடுக்கக் கெடு, ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள். கெடு தாண்டியும் மார்ச் 31 வரை கொடுக்காமல் வைத்திருந்தால் அந்த ஆண்டில் அதைச் செலவாகக் கழிக்க முடியாது, கொடுத்த ஆண்டில்தான் கழிக்கலாம். மாஸ்டரில் இந்த மூன்று கட்டமும் காலியாக இருந்தால் மார்ச் கடைசி வாரத்தில் ஒவ்வொருவருக்கும் போன் போட்டுக் கேட்க வேண்டிவரும். நான் போட்டிருக்கிறேன். 140 போன்.

அதோடு, பேங்க் கணக்கு எண்ணை மாற்றச் சொல்லி மெயிலோ வாட்ஸ்அப்போ வந்தால், அந்தச் செய்தியில் இருக்கும் எண்ணுக்குக் கூப்பிடாதீர்கள். பழைய பில்லில் அச்சாகியிருக்கும் எண்ணுக்குக் கூப்பிட்டு, தெரிந்த குரலிடம் கேட்ட பிறகு மாற்றுங்கள். மாற்றுகிறவரும் பணம் அனுப்புகிறவரும் வேறு வேறு ஆளாக இருக்கட்டும்.

ஆர்.இ.ஏ. மாதிரி என்றால் என்ன? ஒரு வரியில்.

1982-ல் அமெரிக்கக் கணக்கியல் பேராசிரியர் வில்லியம் மெக்கார்த்தி சொன்னது: பற்று வரவைத் தொடக்கமாக வைக்காமல், வளம் (ரிசோர்ஸ்), நிகழ்வு (ஈவென்ட்), ஆள் (ஏஜென்ட்) மூன்றையும் பதிந்துகொள், பற்று வரவு அதிலிருந்து தானாக வரும். நம் 418-ம் எண் டி.சி.யில் துணி வளம், அனுப்பியது நிகழ்வு, ஸ்டோர்காரரும் பட்டறையும் ஆட்கள். இரண்டு வரி ஆகிவிட்டது.

பழைய பில்களை எத்தனை வருடம் வைக்க வேண்டும்? கோடவுன் நிரம்பிவிட்டது.

ஜி.எஸ்.டி.க்கு, அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டன் கெடு நாளிலிருந்து 72 மாதம். கம்பெனி என்றால் 8 நிதியாண்டு. வழக்கோ அப்பீலோ நடந்துகொண்டிருந்தால் அது முடியும் வரை கை வைக்காதீர்கள். பெட்ரோல் பங்க் பில், எடைமேடைச் சீட்டு போன்ற சூட்டில் அச்சாகும் தாள்களை வந்த அன்றே ஸ்கேன் செய்யுங்கள். நம் ஊர் வெயிலில் ஒரு கோடை தாண்டினால் வெள்ளைத் தாள்தான் மிஞ்சும்.

நடைமுறையை எழுதப் போனால் ஊழியர்கள் வாய் திறப்பதில்லை. எழுதிக் கொடுத்துவிட்டால் தங்களை அனுப்பிவிடுவார்கள் என்று பயப்படுகிறார்கள்.

அந்தப் பயம் நியாயமானதுதான், சில இடங்களில் அப்படி நடந்தும் இருக்கிறது. அதனால் நான் போகும் இடத்தில் முதலாளியிடம் முதலிலேயே கேட்டுவிடுவேன், ஆள் குறைக்கத்தான் இந்த வேலையா என்று. ஆமாம் என்றால், அதை அவர்களிடம் நீங்களே சொல்லுங்கள் என்று வந்துவிடுவேன்.

இல்லை என்றால், நோட்டை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போய், "நீங்க ஒரு வாரம் லீவு போட்டா இங்க என்ன நின்னு போகும்?" என்று கேட்பேன். அப்புறம் அவர்கள் சொல்லுகிற வேகத்துக்கு எனக்குத்தான் எழுத முடியாது.