கூரை பறந்தால் யார் பொறுப்பு? காற்றுக்கு முன் எழுத வேண்டிய கடிதம்

கேள்வி:
திருகோணமலை உவர்மலையில் வாடகைக்கு இருக்கிறோம். நான், அம்மா, இரண்டு பிள்ளைகள். பழைய ஓட்டு வீடு. முன் விறாந்தைக்கு மட்டும் அஸ்பெஸ்டஸ் சீற் போட்டு இறக்கியிருக்கிறார்கள். சீற்றைப் பிடித்திருக்கும் கொக்கி ஆணிகள் கறள் பிடித்துப் பாதி கழன்றுவிட்டன. குசினிப் பக்கம் இரண்டு கைமரங்களில் கறையான். வீட்டுக்காரர் கனடாவில் இருக்கிறார். அவருடைய மைத்துனர்தான் மாதாமாதம் வந்து வாடகை வாங்குவார். எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லை. ஆறு மாத வாடகை முற்பணமாகக் கொடுத்தோம். கூரையைத் திருத்தச் சொல்லி மைத்துனரிடம் பலமுறை கேட்டுவிட்டேன். "மாரி முடியட்டும் பார்ப்பம், அவசரமெண்டால் வேற வீடு பாருங்கோ" என்கிறார். பக்கத்து வளவு வேப்பமரத்தின் பெரிய கிளையும் எங்கள் ஓட்டுக்கு மேலேதான் நிற்கிறது. நாங்களே திருத்திவிட்டு வாடகையில் கழிக்கலாமா? புயலில் கூரை போய்ப் பொருட்கள் நாசமானால் வீட்டுக்காரர் பொறுப்பா?

பதில்:
சகோதரி, கழிக்கலாம். ஆனால் எழுத்தில் அறிவித்து, வீட்டுக்காரருக்கு நியாயமான அவகாசம் கொடுத்த பிறகுதான். அவர் பொறுப்பா என்ற இரண்டாவது கேள்விக்கு, புயலுக்கு முன் நீங்கள் அவருக்கு என்ன எழுதினீர்கள் என்பதை வைத்தே பெரும்பாலும் பதில் அமையும். நீங்கள் பலமுறை வாயால் கேட்டிருக்கிறீர்கள். நாளை நீதிமன்றத்தில் அவர் "என்னிடம் யாரும் சொல்லவில்லை" என்று ஒரு வரி சொன்னால் அத்தனையும் போய்விடும். அதனால் இந்தப் பதிலில் அதிக இடத்தை அந்தக் கடிதத்துக்கே ஒதுக்குகிறேன்.

முதலில், சட்டத்தின் கண்ணில் நீங்கள் யார் என்பதைப் பார்ப்போம். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும். அப்படி எழுதாமல் மாதாமாதம் வாடகை கொடுத்து இருப்பவர் மாத வாடகைக் குடியிருப்பாளர். ஒப்பந்தம் இல்லையே என்று பயப்பட வேண்டாம், உங்களுக்கு உரிமைகள் இருக்கின்றன. நம் நாட்டின் உரோமன் டச்சுப் பொதுச் சட்டத்தில், வீட்டைக் குடியிருக்கத் தகுந்த நிலையில் வைத்திருப்பது வீட்டுக்காரரின் கடமை. கூரை, சுவர், கைமரம் போன்றவை அவர் பக்கம். பூட்டு உடைந்தது, பைப் வாசர் தேய்ந்தது போன்ற சில்லறை வேலைகளும், உங்கள் கையால் வந்த சேதமும் உங்கள் பக்கம். கறள் பிடித்த ஆணியும் கறையான் தின்ற கைமரமும் யார் பக்கம் என்பதில் சந்தேகமே இல்லை.

1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் உங்கள் வீட்டுக்குப் பொருந்தினால் பாதுகாப்பு இன்னும் கூடும். பொருந்துமா என்பதை வீட்டுக்கு ஆதனவரிக்காக மதிப்பிட்ட ஆண்டுப் பெறுமதி, எப்போது வாடகைக்கு விடப்பட்டது போன்றவற்றைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆதனவரிப் பற்றுச்சீட்டின் பிரதி கிடைத்தால் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். நான் கீழே சொல்லும் வழி அந்தச் சட்டம் பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும் பயன்படும்.

இனிப் புயல். சேதம் வந்த பிறகு வீட்டுக்காரர்கள் சொல்லும் முதல் பதில், "அது இயற்கை அனர்த்தம், நான் என்ன செய்ய?" என்பதுதான். அதைச் சட்டமும் ஒரு அளவுக்கு ஏற்கிறது. நல்ல நிலையில் இருந்த கூரையை யாராலும் தடுக்க முடியாத காற்று பிடுங்கிப் போனால், நட்டஈடு கேட்க இடமில்லை. ஆனால் ஏற்கனவே பழுதாக இருந்து, பழுது என்று அவருக்குத் தெரிந்தும் இருந்து, திருத்த நேரமும் இருந்து, அவர் திருத்தாமல் விட்டிருந்தால் அந்தப் பதில் நிற்காது. அப்போது சேதத்துக்குக் காரணம் காற்று மட்டும் அல்ல, அவருடைய அசட்டையும்தான்.

அதோடு, திருகோணமலையில் இருந்துகொண்டு புயலை எதிர்பார்க்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1964 டிசம்பரில் வந்த சூறாவளியை மூத்தவர்கள் இன்னும் பேசுகிறார்கள். 1978 நவம்பர் 23 இல் மட்டக்களப்பு என்ன பாடுபட்டது என்று கிழக்கில் எல்லோருக்கும் தெரியும். 2020 டிசம்பர் 2 இரவு புரேவி புயல் கரையைக் கடந்ததே நம் மாவட்டத்தில்தான், குச்சவெளிக்கும் திரியாய்க்கும் இடையில். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்றால் இங்கே காற்று வரும். அதற்குமுன் கூரையைப் பார்க்க வேண்டியது சாதாரணக் கவனமுள்ள எந்த வீட்டுக்காரரும் செய்யும் வேலை. இந்த வாதத்தை உங்கள் சட்டத்தரணி நிச்சயம் எடுத்து வைப்பார், ஆனால் வீட்டுக்காரருக்குப் பழுது தெரியும் என்பதை நிரூபிக்கும் கடிதம் கையில் வேண்டும்.

கடிதத்தை இந்த வாரமே எழுதுங்கள். சட்டமொழி தேவையில்லை. இப்படி இருந்தால் போதும்:

"நான் உங்களுடைய இன்ன இலக்க வீட்டில் இன்ன மாதத்திலிருந்து வாடகைக்கு இருக்கிறேன். வீட்டின் முன் விறாந்தைக் கூரையின் கொக்கி ஆணிகள் கறள் பிடித்துக் கழன்றுள்ளன. குசினிப் பக்கம் இரண்டு கைமரங்கள் கறையான் பிடித்துப் பலமிழந்துள்ளன. படங்கள் இணைக்கப்பட்டுள்ளன. இதுபற்றி உங்கள் மைத்துனரிடம் முன்னரும் வாய்மொழியாகத் தெரிவித்துள்ளேன். மாரி காலத்தில் கூரை பறந்து உயிருக்கும் உடைமைக்கும் ஆபத்து நேரக்கூடும். இக்கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் திருத்தித் தருமாறு கேட்கிறேன். தவறினால், அவசியமான திருத்தத்தை மட்டும் நானே செய்வித்து, அந்தச் செலவை வாடகையில் கழித்துக்கொள்வேன். இணைத்துள்ள மதிப்பீட்டின்படி செலவு இவ்வளவு. திருத்தாததால் ஏற்படும் சேதங்களுக்கு உங்களிடம் நட்டஈடு கோரும் உரிமையையும் வைத்துக்கொள்கிறேன்."

கடிதத்தை மைத்துனருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். வாடகை வாங்கும் முகவருக்குக் கொடுத்த அறிவித்தல் வீட்டுக்காரருக்குக் கொடுத்ததாகவே பொதுவாகக் கருதப்படும். ஆனாலும் கனடாவில் இருப்பவருக்கும் அதையே வாட்ஸ்அப்பில் படமெடுத்து அனுப்புங்கள். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் இப்படியான செய்திகளுக்கு அங்கீகாரம் கொடுக்கிறது. அவர் "சரி, பார்ப்பம்" என்று ஒரு சொல் பதில் போட்டாலும் அது உங்களுக்குச் சாட்சி. போனை மாற்றும்போது அந்த உரையாடலை அழியவிடாதீர்கள்.

படம் எடுக்கும்போது கறள் ஆணியை மட்டும் கிட்டத்தில் எடுத்தால் அது யார் வீட்டு ஆணி என்று தெரியாது. வீட்டு முகப்பு தெரிய ஒன்று, பழுது தெரியக் கிட்டத்தில் ஒன்று என்று எடுங்கள். ஒரு மேசனையும் ஒரு தச்சரையும் கூட்டி வந்து பார்க்கச் செய்து, பழுதையும் செலவையும் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். முடிந்தால் இரண்டு இடத்தில் மதிப்பீடு எடுங்கள். கிராம உத்தியோகத்தரிடமும் ஒரு பிரதி கொடுத்து வைத்தால் நல்லது, அனர்த்த உதவிக்கு வீட்டு விபரம் கேட்கும்போதும் அது உதவும்.

14 நாள் போயும் அசைவில்லை என்றால் வேலையைத் தொடங்கலாம். ஆனால் இங்கே ஒரு எல்லை இருக்கிறது. சட்டம் அவசியத் திருத்தத்தையும் மேம்பாட்டையும் வேறாகப் பார்க்கிறது. கொக்கி ஆணிகளை மாற்றுவது, கறையான் பிடித்த கைமரத்தை மாற்றுவது, கைமரத்தைச் சுவர் வளையோடு இரும்புப் பட்டியால் இறுக்குவது, முகட்டு ஓடுகளையும் ஓர ஓடுகளையும் சீமெந்து பூசி நிறுத்துவது, இவை அவசியம். இதுதான் வாய்ப்பு என்று விறாந்தையை நீட்டினால், கூரை முழுவதையும் புதுத் தகரத்துக்கு மாற்றினால், சீலிங் அடித்தால், அந்தச் செலவை வாடகையில் கழிக்க முடியாது. பற்றுச்சீட்டு ஒவ்வொன்றையும் வைத்திருங்கள். மேசனிடம் கொடுத்த கூலிக்கும் கையெழுத்து வாங்குங்கள்.

காசு எல்லாவற்றுக்கும் போதாது என்றால் விறாந்தையிலிருந்து தொடங்கச் சொல்வேன். இறக்கிப் போட்ட கூரைக்குள் காற்று கீழிருந்து புகுந்து மேலே தூக்கும். அது கழன்றால் பின்னால் ஓட்டுக்குள்ளும் காற்றுப் புகும். பழைய சீற்றில் ஆள் நேராகக் கால் வைக்கவே கூடாது, உடைந்து விழுந்துவிடுவார்கள். சலாகைக்கு மேலே பலகை போட்டுத்தான் ஏற வேண்டும். உலர்ந்த சீற்றை வெட்டவோ துளைக்கவோ வேண்டாம், தூசு நுரையீரலுக்குக் கெடுதி. நனைத்துவிட்டுச் செய்யச் சொல்லுங்கள், பிள்ளைகளை அன்று வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: கோபத்தில் வாடகையை நிறுத்துவது. கழிக்கும் மாதத்தில் செலவு இவ்வளவு, மீதி இவ்வளவு என்று எழுதி, மீதியைக் கட்டாயம் கொடுங்கள். வாடகை நிலுவை என்று வந்தால் கூரைப் பிரச்சினை பின்னால் போய்விடும், வழக்கு உங்கள் மேல் திரும்பிவிடும். மைத்துனர் வாங்க மறுத்தால் காசுக்கட்டளையாகப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். முற்பணத்தில் கழித்துக்கொள்ளுங்கள் என்று அவர் வாயால் சொன்னாலும் ஏற்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள்.

"வேற வீடு பாருங்கோ" என்பது பயமுறுத்தல். மாத வாடகையை முடிக்க முழுமையான ஒரு மாத அறிவித்தல் வேண்டும். வாடகைச் சட்டம் பொருந்தினால் அதுவும் போதாது, சட்டம் சொல்லும் காரணம் வேண்டும். எப்படியானாலும் நீதிமன்றக் கட்டளை இல்லாமல் உங்களை வெளியேற்ற முடியாது. பூட்டை மாற்றினாலோ கூரை ஓடுகளைக் கழற்றினாலோ உடனே பொலிஸில் முறையிடுங்கள். பலவந்தமாக வெளியேற்றப்பட்டால், 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின் கீழ் இரண்டு மாதத்துக்குள் போனால் மீண்டும் உள்ளே போக வழி உண்டு. இரண்டு மாதம் என்பது சீக்கிரம் ஓடிவிடும்.

கடிதம் அனுப்பியும், நீங்கள் திருத்துவதற்குள் காற்று வந்து பொருட்கள் நாசமானால் நட்டஈடு கேட்கலாம். நனைந்த கட்டிலையும் புத்தகங்களையும் எறியுமுன் படம் எடுங்கள், வாங்கிய பற்றுச்சீட்டைத் தேடுங்கள். தொகை சிறியதென்றால் முதலில், இரு பக்கத்தையும் பேசி இணக்கப்படுத்தும் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டும். அங்கே இணக்கம் வரவில்லை என்ற சான்றிதழோடுதான் நீதிமன்றம் ஏற்கும். எழுதாத ஒப்பந்தத்தின் மேல் கோருவதற்கு மூன்று வருடம், அசட்டையின் மேல் கோருவதற்கு இரண்டு வருடம் என்று காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் வைத்திருக்கிறது. இரண்டு வருடம் என்றே மனதில் வையுங்கள். வீட்டுக்காரர் மேல் தவறே இல்லாத பெரும் புயலாக இருந்தாலும், வீடு குடியிருக்க முடியாமல் போன காலத்துக்கு வாடகை குறைக்கக் கேட்கலாம். இது பலருக்குத் தெரியாது. வீட்டுக்காரர் காப்புறுதி எடுத்திருந்தாலும் அது கட்டடத்துக்குத்தான், உங்கள் பொருட்களுக்கு அல்ல.

வேப்பமரத்துக்கு வருவோம். அயலவருக்கும் ஒரு கடிதம் கொடுங்கள், கொஞ்சம் தன்மையாக. தினமும் முகம் பார்க்கும் ஆட்கள், கூலியில் பாதி தருகிறேன் என்று சொன்னால் பெரும்பாலும் முடிந்துவிடும். மறுத்தால், எல்லைக்கு இப்பால் நீண்ட கிளையை வெட்ட உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் எல்லைக்கு அப்பால் கத்தி போகக் கூடாது, அனுமதியில்லாமல் அவர் வளவுக்குள் கால் வைக்கவும் கூடாது. மரமே சரிந்து விழும் நிலையில் இருந்தால் 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98 ஆம் பிரிவு இருக்கிறது. விழுந்து அயலில் இருப்பவர்களுக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய மரத்தை அகற்றவோ முட்டுக்கொடுக்கவோ நீதவான் கட்டளையிடலாம். பொலிஸ் மூலம் அதைக் கொண்டு போகலாம், அவசரம் என்றால் அவசரமாகவே கேட்கலாம்.

சட்டத்தரணிக்குக் கட்டணம் கொடுக்க இயலாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்குப் போங்கள். வருமான விபரம், வாடகை கொடுத்ததற்கான ஏதாவது சான்று, பதிவுத் தபால் சீட்டு, படங்கள் எல்லாவற்றையும் ஒரு பைலில் போட்டுக் கொண்டு போங்கள். அந்தப் பைலைப் பொலித்தீனில் சுற்றி, புயல் எச்சரிக்கை வந்தவுடன் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களோடு சேர்த்துக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117. எச்சரிக்கை வந்த இரவு வரை கூரை திருத்தப்படாமல் இருந்தால், விறாந்தையிலும் குசினியிலும் யாரும் படுக்காதீர்கள், அம்மாவையும் பிள்ளைகளையும் உறுதியான வேறு வீட்டுக்கு அனுப்புங்கள். அந்த ஒரு இரவு வெளியே தங்கியதால் உங்கள் வாடகை உரிமை போய்விடாது.