பின் சக்கரத்தில் சத்தம்: பேரிங்கா, டயரா, பிரேக்கா? கேள்வி பதில்

கோவையில் 26 வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். சக்கரம், பிரேக், சஸ்பென்ஷன் இந்த மூன்றும்தான் என் வேலை. இன்று காரின் பின் சக்கரச் சத்தம் பற்றி மட்டும் கேளுங்கள். கேட்கும் முன் ஒரு வேண்டுகோள். ஜாக்கியில் மட்டும் நிற்கும் காருக்கு அடியில் யாரும் தலையையோ கையையோ விடாதீர்கள். காரைத் தாங்கி நிற்கும் இரும்பு ஸ்டாண்டு வையுங்கள். இதை இன்று பலமுறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருப்பூர்: அண்ணா, 7 வருட ஹாட்ச்பேக், 68,000 கி.மீ. ஓடியிருக்கிறது. 40க்கு மேல் போனால் பின்னாலிருந்து ‘ஊம்’ என்று இரைச்சல். 80இல் பக்கத்தில் இருப்பவரோடு பேச முடியவில்லை. ரெண்டு பின் பேரிங்கையும் மாற்றணும் என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?

தம்பி, அவசரப்படாதீர்கள். நீங்கள் சொல்லும் சத்தத்தை பேரிங்கும் (இரண்டு இரும்பு வளையங்களுக்கு நடுவே குண்டுகள் ஓடி, சக்கரத்தைச் சுற்ற விடும் பாகம்) தரும், ஏறுக்குமாறாகத் தேய்ந்த டயரும் தரும். பேரிங் மாற்றிய பிறகும் சத்தம் போகவில்லை என்று என்னிடம் வந்த கார்களில் பலவற்றில் குற்றவாளி டயர்தான்.

முதலில் ஓட்டிப் பாருங்கள். ஆளில்லாத நேரான ரோட்டில் 60இல் போகும்போது கியரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். சாவியை மட்டும் அணைக்காதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளக்கூடும், பிரேக்கும் கல்லாகிவிடும். எஞ்சின் வேகம் இறங்கிய பிறகும் இரைச்சல் அப்படியே இருந்தால் அது எஞ்சினோடு சேர்ந்தது இல்லை, சக்கரத்தோடு சேர்ந்தது. அப்புறம் தார் ரோட்டிலிருந்து சிமென்ட் ரோட்டுக்கு மாறும்போது கவனியுங்கள். ரோடு மாறினால் சத்தமும் மாறுகிறதா? அப்படியானால் டயர் மேல் சந்தேகம். எந்த ரோட்டிலும் ஒரே மாதிரி இரைந்தால் பேரிங் மேல் சந்தேகம்.

அடுத்து, வளைவில் கேளுங்கள். இடப்பக்கம் திரும்பும்போது காரின் பாரம் வலப்பக்கச் சக்கரங்களில் ஏறும். அப்போது சத்தம் கூடினால் பெரும்பாலும் வலது பேரிங். வலப்பக்கம் திரும்பும்போது கூடினால் இடது. நூற்றுக்கு நூறு இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன், ஆனால் எந்தப் பக்கம் முதலில் பார்ப்பது என்று இது காட்டிக்கொடுக்கும்.

பிறகு வண்டியை நிறுத்தி டயரின் மேல்பரப்பை உள்ளங்கையால் முன்னும் பின்னுமாகத் தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பம் மாதிரியும் இருந்தால், அல்லது கைக்குப் பள்ளம் பள்ளமாகத் தட்டினால், இரைச்சலுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். உறுதி செய்ய, முன் டயர்களைப் பின்னுக்கும் பின் டயர்களை முன்னுக்கும் மாற்றுங்கள். சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயராக இருந்தால் அதே பக்கத்துக்குள் மட்டும் மாற்ற வேண்டும். சத்தம் முன்னால் வந்துவிட்டால் பேரிங் மேல் பழி போடாதீர்கள்.

இதிலும் தெளியவில்லை என்றால் காரைத் தூக்க வேண்டும். முதல் கியரில் போட்டு, முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் இறக்குங்கள். ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே மறு கையைச் சுருள் ஸ்பிரிங் மேல் வையுங்கள். கெட்ட பேரிங்கின் கரகரப்பு காதுக்குக் கேட்காவிட்டாலும் ஸ்பிரிங் வழியாக விரலுக்கு வந்துவிடும். கடைசியாக டயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ‘டொக்’ என்று ஆட்டம் தெரிந்தால் அந்த பேரிங்கோடு வெளியூர்ப் பயணம் வேண்டாம். இதெல்லாம் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

சேலம்: என் காரிலும் 60க்கு மேல் இரைச்சல். பேரிங்கா?

திருப்பூர்க்காரருக்குச் சொன்னதைச் செய்து பாருங்கள்.

தாம்பரம்: மழையில் நாலு நாள் நின்ற கார். எடுக்கும்போது பின்னால் ‘டம்’ என்று ஒரு சத்தம். அப்புறம் கொஞ்ச தூரம் கரகரவென்று இருந்து சரியாகிவிட்டது. பயப்படணுமா?

ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தியிருப்பீர்கள். ஈரத்தில் பிரேக் ஷூவும், அது உரசிப் பிடிக்கும் டிரம்மும் துருவில் ஒட்டிக்கொள்ளும். வண்டி நகரும்போது பிய்த்துக்கொண்டு வருவதுதான் அந்த ‘டம்’. மேலே படிந்த துரு உரசிப் போகும்வரை கரகரக்கும். ஒருமுறை நடந்தால் பயம் வேண்டாம். அடிக்கடி நடந்தால் லைனிங், அதாவது ஷூவில் ஒட்டியிருக்கும் உரசும் பட்டை, ஷூவிலிருந்து பெயர்ந்து டிரம்முக்குள் கிடக்கக்கூடும், கழற்றிப் பாருங்கள். மழைக்காலத்தில் நாள் கணக்கில் நிறுத்துவதாக இருந்தால், சமதளத்தில் கியரில் போட்டுக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்துவிடுங்கள்.

வேளச்சேரி: வெள்ளத் தண்ணீரில் பாதிச் சக்கரம் வரை மூழ்கிய கார். எஞ்சின் நன்றாக இருக்கிறது. பின் சக்கரத்தில் கவனிக்க எதுவும் உண்டா?

உண்டு. சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்துக்கும் 2023 மிக்ஜாம் புயலுக்கும் பிறகு எல்லோரும் எஞ்சினையும் மின் இணைப்புகளையும்தான் பார்த்தார்கள். சக்கர பேரிங்கின் சீல், தெறிக்கும் மழைத் தண்ணீரைத் தடுக்கும். மணிக்கணக்கில் மூழ்கிக் கிடப்பதைத் தாங்காது. உள்ளே போன தண்ணீர் கிரீஸைக் கெடுக்கும், குண்டு ஓடும் பாதையில் துருப் புள்ளிகள் விழும். அன்றைக்கு எதுவும் தெரியாது. வாரங்களோ மாதங்களோ கழித்துத்தான் இரைச்சல் தொடங்கும். இப்போதே டிரம்மைக் கழற்றிச் சேற்றைக் கழுவச் சொல்லுங்கள், பிரேக் சிலிண்டரில் கசிவு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம், அது நுரையீரலுக்கு எமன். ஈரத்துணியாலோ பிரேக் கிளீனராலோ நனைத்து எடுங்கள்.

யாழ்ப்பாணம்: அண்ணை, பின் சில்லிலயிருந்து ‘டிக் டிக்’ எண்டு சத்தம் வருது. வேகம் கூடக்கூட அதுவும் வேகமா வருது. கராஜுக்குக் கொண்டுபோக முதல் நானே ஏதும் பாக்கலாமோ?

பார்க்கலாம். டயர் பள்ளத்தில் கல்லோ ஆணியோ இருக்கிறதா என்று சில்லை முழுச்சுற்று சுற்றிப் பாருங்கள். பாதிப் பேருக்கு அதுதான். அடுத்து வீல் கப் தளர்ந்திருக்கிறதா பாருங்கள். முக்கியமாக, நட்டுகளை ஸ்பேனர் போட்டுச் சோதியுங்கள். தளர்ந்த நட்டும் மெதுவாகப் போகையில் இப்படித்தான் தட்டும், அது உயிருக்கே ஆபத்து. சின்னக் கார்களுக்கு நட்டு முறுக்கு பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் வரும். உங்கள் காருக்கு உரியது கையேட்டில் இருக்கும். சில்லைக் கழற்றி மாட்டியிருந்தால் 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

நாமக்கல்: பைக்கில் பின் சக்கரம் செயின் சத்தம்…

இன்று கார் மட்டும், மன்னிக்கவும்.

கடலூர்: ஐயா, சாவியைத் திருப்பியதுமே பின் சீட்டுக்கு அடியில் ‘ங்ங்’ என்று இரண்டு விநாடி. பேரிங்கா?

நிற்கும் காரில் பேரிங் சத்தம் போடாது. அது பெட்ரோல் டேங்குக்குள் இருக்கும் பம்ப், எரிபொருள் அழுத்தத்தை ஏற்றுகிறது. இயல்பானதுதான்.

மதுரை: நான் 35 வருஷ மெக்கானிக். பேரிங் போட அழுத்தி இறக்கும் பிரஸ் வேணும், அந்த டூல் வேணும் என்று இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். நாங்கள் சுத்தியலும் ஒரு துண்டு இரும்பும் வைத்துத்தான் அடித்து இறக்கினோம். வண்டிகள் ஓடவில்லையா?

அண்ணே, உங்கள் அனுபவத்துக்கு என் வணக்கம். நானும் அப்படித்தான் வேலை பழகினேன். ஆனால் இதில் உங்களோடு உடன்பட முடியவில்லை.

ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் பிரினெல் 1900இல் உலோகத்தின் கடினத்தை அளக்க ஒரு முறை கொண்டுவந்தார். கடினமான குண்டை உலோகத்தில் வைத்து அழுத்தி, விழும் பள்ளத்தை அளப்பதுதான் அது. சுத்தியலால் உள்வளையத்தை அடித்து வெளிவளையத்தை ஹப்புக்குள் (சக்கரத்தின் நடுப்பாகம்) இறக்கும்போது நாம் அறியாமல் அதே சோதனையைத்தான் பேரிங்குக்குள் செய்கிறோம். அடி முழுக்கக் குண்டுகள் வழியாகப் போகிறது. குண்டுக்குக் குண்டு எத்தனை இடைவெளியோ, பாதையில் அத்தனை இடைவெளியில் நுண்ணிய பள்ளங்கள் விழும். அந்தப் பழுதுக்கு பிரினெல் பெயரையே வைத்திருக்கிறார்கள். அன்று மாலை வண்டி அமைதியாகப் போகும். சில ஆயிரம் கிலோமீட்டரில் திரும்பி வரும். அப்போது ‘கம்பெனி பேரிங் சரியில்லை’ என்று சொல்லிவிடுவோம்.

விதி ஒன்றுதான்: எந்த வளையம் இறுக்கமாகப் பொருந்துகிறதோ, அதன் மேல் மட்டும் அழுத்தம். ஹப்புக்குள் இறக்கினால் வெளிவளையத்தில், தண்டின் மேல் ஏற்றினால் உள்வளையத்தில்.

மதுரை (மறுபடி): அந்தக் காலத்தில் பின் சக்கரத்துக்குக் கூம்பு உருளை வைத்த டேப்பர் பேரிங். வெளிவளையம் தனியாக வரும், அதை அடித்துத்தான் இறக்கணும். அதில் குண்டே இல்லையே!

இதை ஒத்துக்கொள்கிறேன் அண்ணே. டேப்பர் பேரிங்கில் வெளிவளையம் தனித் துண்டு. பித்தளைக் கம்பி வைத்து, கோணாமல் சுற்றிச் சுற்றித் தட்டி இறக்கினால் தவறில்லை. பழைய வெளிவளையத்தையே மேலே வைத்துத் தட்டுவதும் நல்ல பழக்கம். நான் சொல்வது இன்றைய சீல் செய்த ஒற்றைத் துண்டு பேரிங் பற்றி. உங்கள் கைக்குப் பழகிய முறை அதற்குப் பொருந்தாது.

திண்டுக்கல்: மதுரை அண்ணன் சொல்வதுதான் சரி. சின்ன ஊர்ப் பட்டறையில் பிரஸ்ஸுக்கு எங்கே போவது?

லேத் பட்டறை இல்லாத ஊர் குறைவு, அங்கே பிரஸ் இருக்கும். டிரம்மையும் புது பேரிங்கையும் எடுத்துக்கொண்டு போய் இறக்கிக்கொண்டு வாருங்கள். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள கார் என்றால் இன்னும் கவனம் வேண்டும். பல பேரிங்குகளில் ஒரு பக்கச் சீலிலேயே காந்த வளையம் இருக்கும், அந்தப் பக்கம் சென்சாரைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிப் போட்டாலோ அந்தப் பக்கம் அடி பட்டாலோ டேஷ்போர்டில் ஏபிஎஸ் விளக்கு எரியும், எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டியதுதான். நடு நட்டையும் புதிதாகப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் அது ஒருமுறைக்கு மட்டும்.

மதுரை (மூன்றாம் முறை): சரி தம்பி. டேப்பரில் நட்டை எவ்வளவு இறுக்கச் சொல்வாய்? இங்கே பையன்கள் பலம் கொண்ட மட்டும் இறுக்குகிறார்கள்.

நல்ல வேளை கேட்டீர்கள். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, உருளைகள் ஒழுங்காக உட்கார்ந்ததும் தளர்த்தி, மறுபடி விரலால் இறுகும் அளவில் நிறுத்தி, நட்டு சுழலாமல் தடுக்கும் காட்டர் பின் போட வேண்டும். மயிரிழை ஆட்டம் இருக்கணும். பல வண்டிகளுக்கு அது 0.025 முதல் 0.125 மில்லிமீட்டர். இறுக்கிவிட்டால் சூடேறி உருளைகள் நீலம் பாய்ந்துவிடும். கிரீஸும் ஹப் நிறையத் திணிக்கக் கூடாது. உருளைகளுக்கு இடையே நன்றாக ஏற்றி, ஹப்பின் காலி இடத்தில் மூன்றில் ஒரு பங்கு போதும். சீல் செய்த பேரிங்கை இப்படி இறுக்கித் தளர்த்தக் கூடாது. அதற்குக் கையேட்டில் சொன்ன முறுக்கு, அதை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சில். இந்த இரண்டையும் குழப்பித்தான் பாதி பேரிங்குகள் சாகின்றன.

ஓசூர்: ஒரு பக்கம் போனால் ரெண்டு பக்கமும் மாற்றணுமா?

தேவையில்லை. மறுபக்கத்தைச் சுற்றிப் பாருங்கள், அமைதியாக இருந்தால் விட்டுவிடுங்கள். பிரேக் ஷூ, ஷாக் அப்சார்பர் இரண்டும்தான் ஜோடியாக மாற்ற வேண்டியவை.

விருதுநகர்: அண்ணா, பேரிங் என்ன விலை?

காருக்குக் கார் மாறும். பழைய பேரிங்கில் பொறித்த எண்ணைக் கடையில் காட்டிக் கேளுங்கள். போலிச் சரக்கு நிறைய உலவுவதால் நம்பகமான விற்பனையாளரிடம் பில்லோடு வாங்குங்கள்.

ஈரோடு: 50க்கு மேல் பின்னால் ஊம் என்று…

முதல் பதிலைப் படியுங்கள் ஐயா.

தஞ்சாவூர்: குழியில் இறங்கினால் பின்னால் ‘லொட லொட’. நல்ல ரோட்டில் சத்தமே இல்லை. பேரிங் மாற்றியும் போகவில்லை.

குழியில் மட்டும் வரும் சத்தத்துக்கு பேரிங்கை மாற்றச் சொன்னவர் தவறு செய்துவிட்டார், உங்கள் பணம் வீணானதில் எனக்கு வருத்தம். முதலில் டிக்கியில் இருக்கும் அத்தனையையும் எடுங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பேனர் எல்லாம். எதுவும் இல்லாமல் ஒருமுறை ஓட்டுங்கள். சத்தம் தொடர்ந்தால் ஷாக் அப்சார்பரின் மேல், கீழ் ரப்பர் புஷ்கள், பின் அச்சின் புஷ், சைலன்சரைத் தொங்கவிடும் ரப்பர் என்று வரிசையாகப் பாருங்கள். சைலன்சர் சூடு ஆறிய பிறகு கையால் ஆட்டினாலே தெரியும். அதற்குக் கீழே போவதாக இருந்தால் ஸ்டாண்டு. ஜாக்கியை நம்பாதீர்கள்.

காரைக்குடி: பழைய மாருதி ஆம்னி வேன். ஆக்சிலேட்டர் அழுத்தினால் பின்னால் ஒரு ஊளை, காலை எடுத்தால் வேறு மாதிரி ஊளை.

உங்களுடையது பின் சக்கரம் இழுக்கும் வண்டி. மிதிக்கும்போதும் விடும்போதும் சத்தம் மாறினால், பின் அச்சின் நடுவே இருக்கும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலைப் பாருங்கள். ஆயில் மட்டம் முதலில். கியர் மாற்றும்போது ‘டங்’ என்று இடித்தால் கியர் பெட்டியிலிருந்து பின்னுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் யுனிவர்சல் ஜாயின்ட்டையும் (மூட்டு) பாருங்கள்.

பொள்ளாச்சி: ஓட்டி நிறுத்தினால் ஒரு பின் சக்கரம் மட்டும் கொதிக்கிறது. லேசாக உரசல் சத்தம்.

இதைத் தள்ளிப்போடாதீர்கள். பிரேக் விடுபடவில்லை. ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்பிடித்துச் சிக்கியிருக்கும், அல்லது ஷூவை இழுக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது சிலிண்டர் பிடித்திருக்கும். மலை ரோட்டில் இந்த வண்டியை இறக்கவே வேண்டாம்.

திருப்பூர் (மறுபடி): அண்ணா, டயர்களை முன்பின் மாற்றி அவிநாசி ரோட்டில் ஓட்டிவிட்டு வந்தேன். சத்தம் இப்போது முன்னால் கேட்கிறது! ஸ்பிரிங்கில் கை வைத்தேன், கரகரப்பு இல்லை. புது டயர் வாங்கிவிடட்டுமா?

பேரிங் பணம் மிச்சம், மகிழ்ச்சி. ஆனால் புது டயருக்கு முன் ஒரு வேலை. கையில் பள்ளம் பள்ளமாகத் தட்டியதா? அப்படியென்றால் பின் ஷாக் அப்சார்பர் இரண்டையும் பாருங்கள். ஆயில் வடிந்திருக்கிறதா, காரின் பின் மூலையை அழுத்தி விட்டால் ஒருமுறைக்கு மேல் துள்ளுகிறதா? ஷாக் சோர்ந்துபோனால் டயர் ரோட்டில் குதித்துக் குதித்து ஓடும், அப்படித்தான் பள்ளம் விழும். அதைச் சரி செய்யாமல் புது டயர் போட்டால் கொஞ்ச காலத்தில் இதே சத்தம் வரும். டயர் வாங்கும்போது பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2324 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. கடையில் வருடக்கணக்கில் கிடந்ததை எடுக்காதீர்கள். போட்ட பிறகு 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் மாற்றுங்கள். அதுசரி, ஸ்பிரிங்கில் கை வைத்தேன் என்றீர்களே, கார் ஸ்டாண்டில்தானே நின்றது?

திருப்பூர்: ஸ்டாண்டில்தான் அண்ணா. பக்கத்துப் பட்டறையில் இரவல் வாங்கினேன்.

நல்லது.