எழுத்துப் புதிருக்கு ஆப் வேண்டாம், பணம் கட்டவே வேண்டாம்

கேள்வி: ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குக் கலைந்த எழுத்துகளைச் சேர்த்துச் சொல் கண்டுபிடிக்கும் புதிர் கொடுத்திருக்கிறார்கள். ரை, க், ள, க, ம், க, வி, ங், ல, க. இரண்டு சொற்கள், கப்பலோடு தொடர்புடையது என்று குறிப்பு. போனில் ஓர் ஆப்பில் போட்டால் எழுத்தெல்லாம் உடைந்து வருகிறது. இதே மாதிரிப் புதிருக்குப் பரிசு உண்டு, பதிவுக் கட்டணம் 299 ரூபாய் என்று வாட்ஸ்அப்பிலும் வந்தது. கட்டலாமா?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: கட்டாதீர்கள். பரிசு கொடுப்பவன் உங்களிடம் ஏன் பணம் கேட்கிறான்? முதலில் 299 என்பான், அப்புறம் வரி, அதற்கப்புறம் ஓடிபி. ஏற்கெனவே கட்டியிருந்தால் இன்றே இணையக் குற்றப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்து புகார் கொடுங்கள். புதிர் ஆப் எதுவும் தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி கேட்டால் உடனே நீக்கிவிடுங்கள். சொல் தேட உங்கள் மாமியார் நம்பர் எதற்கு?

எழுத்து உடைவது உங்கள் தவறு இல்லை. நாம் ‘ரை’ என்பதை ஓர் எழுத்தாகப் படிக்கிறோம். கணினி அதை ர, அதன் துணைக்குறி என்று இரண்டாக வைத்திருக்கிறது. உங்கள் பத்து எழுத்தும் அதற்குப் பதினைந்து. ஆங்கிலத்துக்குச் செய்ததை அப்படியே தமிழுக்கு மாட்டிவிடுகிறார்கள். இத்தனை வருடமாகியும் இதைச் சரிசெய்யாமல் இருப்பது எரிச்சலாகத்தான் இருக்கிறது.

கையாலேயே போடலாம், வாருங்கள். முதலில் புள்ளி வைத்த எழுத்துகளைப் பிடியுங்கள். ங் வந்தால் பின்னாலேயே க வர வேண்டும். க் வந்தாலும் அப்படித்தான். ஆக ங்க, க்க என்று இரண்டு ஜோடி கிடைத்துவிட்டது. ஒரு க மிச்சம். ம் நடுவில் வந்தால் பின்னால் ப-வோ ம-வோ வேண்டும், இரண்டும் இங்கே இல்லை. எனவே ம் கடைசிக்குப் போகும். இனி சொல் எதில் தொடங்கும்? ரை, ல, ள மூன்றும் தமிழ்ச் சொல்லின் முதலில் வராது. மிஞ்சுவது க, வி. இரண்டு சொல்லுக்கு இரண்டு முதல் எழுத்து! வி-யில் தொடங்கினால் விளக்கம். மீதி கலங்கரை.

இந்த முதலெழுத்து விதியில் ஒரு விலக்கு உண்டு. ஊர்ப்பெயரும் பிறமொழிச் சொல்லும் இதற்குக் கட்டுப்படா. பாண்டிச்சேரிப் பக்கம் லாஸ்பேட்டை, ரெட்டியார்பாளையம் என்று சாதாரணமாகச் சொல்கிறோம். லாரி, ரயில், ரவை, டீ எல்லாம் அப்படித்தான். புதிர் போடுகிறவர்கள் தூய தமிழ்ச் சொல்லா, வந்த சொல்லா என்று சொல்லாமல் கலந்துவிடுகிறார்கள். பிள்ளைகள் விதியையே சந்தேகிக்கிறார்கள். குறிப்பில் ஊர், வண்டி, தின்பண்டம் என்று இருந்தால் ர, ல, ட-விலும் தொடங்கிப் பாருங்கள். வேறு குறிப்பு என்றால் வேண்டாம்.

பொருளையும் மகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். பள்ளியில் 247 எழுத்தையும் ஒப்பிக்க வைக்கிறார்கள், பொருளுக்கு நேரம் இல்லை என்கிறார்கள். கலம் என்றால் கப்பல். இங்கே கரை என்பது கடற்கரை இல்லை. கரைதல் என்றால் அழைத்தல், காகம் கரைகிறது என்கிறோமே, அதுதான். கப்பலை அழைக்கும் விளக்கு. பெரும்பாணாற்றுப்படையிலேயே ஓடும் கலங்களைக் கரையும் விளக்கு வருகிறது. கலம், கரை சேரும்போது ம்தான் ங் ஆகிறது. சந்தேகம் வந்தால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியை இணையத்தில் இலவசமாகவே தேடலாம். அடுத்த முறை பாண்டிச்சேரிக்குப் போனால் கடற்கரைச் சாலையில் நிற்கும் பழைய கலங்கரை விளக்கத்தை அவளுக்குக் காட்டுங்கள்.