சுழற்சியும் கேள்வியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் குடும்பத்துடன் துருக்கிக்குச் சென்றிருந்தோம். இஸ்தான்புல்லில் ஓர் உணவகத்தில் இரவு உணவோடு ‘சூஃபி நடனம்’ என்று டிக்கெட்டிலேயே அச்சிட்டிருந்தார்கள். வண்ண விளக்குகளின் நடுவே ஒருவர் பத்து நிமிடம் சுழன்றார். பக்கத்து மேஜையில் கபாப் தின்றுகொண்டே கைதட்டினார்கள். எனக்குக் கூசியது. அது வழிபாடா, வேடிக்கையா? தன்னை மறந்துதான் சுற்றுகிறார்களா? தலை சுற்றாதா?

எம்., திருச்சி

அன்புள்ள எம்.,

உங்களுக்குக் கூசியது நியாயம்தான். ஆனால் ‘நடனம்’ என்ற சொல்லிலேயே தவறு தொடங்கிவிடுகிறது. பாரசீகச் சூஃபிக் கவிஞர் ஜலாலுத்தீன் ரூமியின் வழியில் வந்த மெவ்லெவி தர்வேஷ்கள், அதாவது அந்த வழியின் சூஃபிகள், இதை நடனம் என்று சொல்வதில்லை, ‘செமா’ என்பார்கள். அரபியில் ‘சமாஃ’ என்றால் கேட்டல். ரூமியின் நெடுங்கவிதையான மஸ்னவி தொடங்குவதே ‘கேள்’ என்ற சொல்லோடுதான். நாணல் காட்டிலிருந்து அறுத்துவரப்பட்ட குழல் தன் பிரிவைச் சொல்லிப் புலம்புகிறது, அதைக் கேள் என்கிறார். கேட்பவரின் உடலில் நிகழ்வதுதான் சுழற்சி. கேட்பதையும் கற்பதையும் ‘கேள்வி’ என்ற ஒரே சொல்லால் குறித்த நமக்கு இது எளிதில் பிடிபட வேண்டும்.

தன்னை மறந்த நிலை என்று கேட்டீர்கள். இருபது முப்பது பேர் கைகளை விரித்தபடி, தானும் சுழன்று களத்தையும் சுற்றி வருகிறார்கள். ஒருவர் ஆடை இன்னொருவர் மேல் படுவதில்லை. நடுவே கறுப்பு அங்கியோடு செமாஸென்பாஷி என்ற மூத்தவர் மெல்ல நடந்து இடைவெளியைக் கவனிக்கிறார். மறதியில் இது நடக்குமா? இடது கால் தரையை விட்டு எழுவதில்லை. அதைத் தூண் என்கிறார்கள். வலது கால் சக்கரம். ஒவ்வொரு சுற்றுக்கும் உள்ளுக்குள் ஒரு முறை ‘அல்லாஹ்’. சுழல்வது இடப்புறமாக, இதயம் இருக்கும் பக்கமாக. நான் அறிந்தவரை இதைவிட விழிப்பான ஒரு நிலை மனித உடலுக்குக் குறைவாகவே வாய்க்கும்.

தலை சுற்றாதா என்றால், புதியவருக்குச் சுற்றும். பழைய மடங்களில் பயிற்சி ஒரு மரப்பலகையில் நடந்தது. நடுவில் ஓர் ஆணி. இடது காலின் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் அந்த ஆணியைக் கொடுத்து, பாதம் வழுக்கிச் சுழல உப்பைத் தூவி, சுழலப் பழகுவார்கள். நாள்தோறும் சில சுற்றுகள், பிறகு இன்னும் சில.

அந்தப் பலகை இருந்த இடம் எது தெரியுமா? சமையலறை. இதைச் சொல்லும்போதெல்லாம் என் மனம் நெகிழ்கிறது. மடத்தில் சேர வந்தவர் முதலில் மூன்று நாள் சமையற்கட்டின் வாசலருகே ஓர் ஆட்டுத்தோலில் பேசாமல் உட்கார்ந்து, உள்ளே நடப்பதைப் பார்க்க வேண்டும். அதன் பிறகும் மனம் மாறவில்லை என்றால் 1001 நாள் பணிவிடை. பாத்திரம் துலக்குவது, விறகு சுமப்பது, கடைக்குப் போவது, கழிவறை கழுவுவது. இரண்டே முக்கால் ஆண்டு! தகாதவர் என்று தோன்றினால் திட்டமாட்டார்கள். அவருடைய செருப்பை வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்துவிடுவார்கள், அவ்வளவுதான். ரூமியின் சமையற்காரராக இருந்த ஆத்தேஷ்பாஸ் வெலிக்கு, ரூமி வாழ்ந்த கோன்யா நகரில் தனியாக ஓர் அடக்கத்தலமே இருக்கிறது. நீங்கள் உணவகத்தில் பார்த்ததில் இல்லாமற்போனது இந்த அடுப்படிதான்.

ஆடையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீண்ட கம்பளித் தொப்பி மீஸான் கல், அதாவது கல்லறைக் கல். வெள்ளைப் பாவாடை கஃபன் துணி, இறந்தவருக்குப் போர்த்தும் துணி. மேலே போர்த்திய கறுப்பு அங்கி கப்ரு, புதைகுழி. செமா தொடங்கும்போது அந்தக் கறுப்பைக் களைந்து தரையில் விட்டுவிட்டு எழுகிறார்கள். கைகளைத் தோள்களில் குறுக்காக வைத்து நிற்கும் நிலை அரபியின் முதல் எழுத்தான அலிஃப், அதாவது ஒன்று. பிறகு வலது உள்ளங்கை வானத்தைப் பார்க்க, இடது மண்ணைப் பார்க்க விரிகிறது. வாங்கியதைக் கொடுத்துவிடுகிறார்கள், தமக்கென்று எதையும் வைத்துக்கொள்வதில்லை.

வழிபாடா வேடிக்கையா என்ற கேள்விக்குத்தான் ஒரே சொல்லில் பதில் இல்லை. 1925இல் துருக்கி அரசு எல்லாத் தர்வேஷ் மடங்களையும் சட்டம் போட்டு மூடியது. கோன்யாவில் ரூமியின் அடக்கத்தலம் 1927இல் அருங்காட்சியகமானது. 1950களில்தான் டிசம்பரில் பொது மேடையில் செமா நடத்த அனுமதி கிடைத்தது, அதுவும் பண்பாட்டு நிகழ்ச்சி என்ற பெயரில். பிறகு 2005இல் யுனெஸ்கோ அதை மனித குலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது. தொழுகைக்குரிய ஒன்று பார்வையாளர் என்ற போர்வைக்குள் ஒளிந்து உயிர் பிழைத்திருக்கிறது. ஆகவே மேடையில் சுழல்பவரை நான் குறைசொல்ல மாட்டேன். சாப்பாட்டுத் தட்டுகளுக்கு நடுவே அவரைச் சுழல வைப்பவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். கஃபன் துணியை உடுத்தியிருக்கும் ஒருவரின் எதிரில் எப்படிக் கபாப் இறங்குகிறது?

மறுமுறை போனால் டிசம்பரில் கோன்யாவுக்குப் போங்கள். ரூமி மறைந்தது 1273 டிசம்பர் 17. அந்த இரவுக்கு ‘ஷெபி அரூஸ்’ என்று பெயர், மணநாள் இரவு. நாகூர் தர்காவின் ஆண்டு விழாவுக்கு நாம் சொல்லும் ‘உரூஸ்’ என்பதும் இதே வேரில் பிறந்த சொல்தான்.

ஒரு டிசம்பரில் நான் அங்கே இருந்தேன். ‘சலாம்’ எனப்படும் நான்கு பகுதிகளாக நடக்கும் செமாவில் ஒவ்வொரு சலாமின் முடிவிலும் எல்லாரும் சட்டென்று நிற்பார்கள். யாரும் தள்ளாடவில்லை. விரிந்திருந்த பாவாடைகள் மட்டும் ஒரு நொடி தாமதமாகக் கால்களைச் சுற்றி வந்து அடங்கின. கடைசியில் ‘கிழக்கும் மேற்கும் அல்லாஹ்வுக்கே உரியவை, எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கே அவன் திருமுகம்’ என்ற குர்ஆன் வசனம் ஓதப்பட்டது. யாரும் கைதட்டவில்லை. முன்வரிசையில் இடம் கிடைத்தால் இசைக்கு அடியில் இன்னொரு ஒலியையும் கேட்பீர்கள், மெல்லிய தோல் காலணிகள் மரத்தரையில் உராயும் ஒலி.

அன்புடன்.